ஒரே டேக்கில் ஓகே ஆன வசனம்

1

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு சினிமா தியேட்டரில் பிறந்தது. யூதக் குடும்பம் ஒன்றைத் தன் வீட்டுப் பரணில் ஒளித்துவைத்து நாஜிகளிடமிருந்து காப்பாற்றும் மனிதனைப் பற்றிய படம். தேம்பித் தேம்பி அழுதேன். வெளியே வரும்போது நானே நாலு பேரைக் காப்பாற்றியதுபோல் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. டிக்கெட் வாங்கியதைத் தவிர நான் ஒன்றுமே செய்யவில்லை. அந்த நிமிர்வுதான் உறுத்தியது.

2

அவர் ஒரு டப்பிங் கலைஞர். கம்பீரமான குரல்.

[அவருடைய கண்களில் இனம்புரியாத ஒரு சோகம்... வேண்டாம். சோகமெல்லாம் இல்லை, சளிதான்.]

நான் பார்த்ததுபோன்ற ஒரு படத்துக்குத்தான் அன்று தமிழில் குரல் கொடுத்தார். சின்ன பட்ஜெட் என்பதால் இரண்டு வேடமும் அவர் தலையில். ஒருவர் அடைக்கலம் கொடுப்பவர். இன்னொருவர் காட்டிக்கொடுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்.

சிப்பாய் கதவைத் தட்டுகிறான். "உள்ளே யாரும் இல்லை" என்று நல்லவர் சொல்ல வேண்டும். ஒன்பது டேக் ஆனது.

"சார், பயம் தெரியுது. உறுதி தெரியல" என்றாள், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த சவுண்ட் இன்ஜினியர்.

அடுத்து பக்கத்து வீட்டுக்காரர். "மேல இருக்காங்க."

"ஓகே சார்! ஒரே டேக். அப்படியே தானா வந்துடுச்சு!"

அவர் முகம் சுண்டிப்போனது.

3

சாயங்காலம் வீடு திரும்பியதும் மனைவி ஒரு தாளை நீட்டினாள். குடியிருப்புச் சங்கச் செயலாளர் கொடுத்துவிட்டுப் போனது. மேல்மாடித் தையல்காரர் குடும்பம் வேறு மதம். அவர்களைக் காலி செய்யச் சொல்லி மனு. பதினான்கு வீட்டார் கையெழுத்துப் போட்டாயிற்று. இவர்கள் வீடு மட்டும் பாக்கி.

"அவங்க நமக்கு என்ன கெடுதல் பண்ணாங்க?" என்றார்.

"ஒண்ணும் பண்ணல. இந்த ஜன்னல் திரைகூட அவர் தைச்சதுதான்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா நாம மட்டும் போடலைன்னா, அடுத்து நம்ம பேர்ல மனு வரும்ங்க."

4

முதல் முடிவு: தாளைக் கிழித்தெறிகிறார். (இங்கே வயலின் ஒலிக்கும். நீங்கள் அழுவீர்கள். உங்கள் நெஞ்சும் நிமிரும். அதனால் இந்த முடிவை அடித்துவிட்டேன்.)

இரண்டாம் முடிவு: கையெழுத்துப் போடுகிறார். (இது ஒரே மூச்சில் வந்துவிட்டது. ஒரு சொல்லைக்கூடத் திருத்த வேண்டியிருக்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.)

மூன்றாவதாக, அவர் மாடி ஏறிப் போய்த் தையல்காரரிடம்...

5

சினிமாவில் பிறந்த கதை என்றேனே, அது பாதி உண்மைதான். டப்பிங் கலைஞர் என் கற்பனை. தாள் கற்பனை இல்லை. என் மேசையில், இந்தக் கதைக்கு அடியில் கிடக்கிறது. பதினான்கு கையெழுத்து. மேலே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்கிறது.

அழைப்பு மணி அடிக்கிறது.

"என்ன சார், போட்டாச்சா?" செயலாளரின் குரல்தான்.

எழுந்து போகிறேன். பேனா கையிலேயே இருக்கிறது.