கீழ்த்தட்டில் இருந்த ஈட்டி

பாலத்து அரக்கன் சென்றாயனை நாற்பத்து மூன்றாவது முறையாக அடித்துக் கொன்றபோது காலை பத்தரை மணி. திரை கறுத்தது. சோபாவில் முதுகு சாய்க்காமல் உட்கார்ந்திருந்த சென்றாயன் துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மறுபடியுமாங்க?" என்று சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள் அவர் மனைவி மாதம்மாள். "உங்களைக் கொன்னு கொன்னு அவனுக்கே சலிச்சுப் போயிருக்கும்."

"நீ கொழம்பைப் பாரு."

இந்த ஆட்டம் அவர் தேடிப் போனதல்ல. ஐப்பசியில் டிராக்டரிலிருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் மடங்க மறுத்தன. அரூர் டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, நாளெல்லாம் அமுக்கச் சொன்னார். பதினெட்டு வருடம் பால் சங்கத் தலைவராக இருந்த மனிதர், போவோர் வருவோர் பார்க்கப் பந்தை அமுக்கிக்கொண்டு உட்காருவதா? பந்து மூன்றாம் நாளே கோழிக்கூண்டின் பின்னால் காணாமல் போனது. அப்போதுதான் மருமகள் சுகுணா தன் கண்ட்ரோலரைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்ப்பவள் அவள். வேலை முடிந்தால் டிவியில் வாளும் கேடயமுமாக எங்கோ அலைந்துகொண்டிருப்பாள்.

"இதுவும் விரலுக்குப் பயிற்சிதாங்க மாமா. கதவைச் சாத்திக்கிட்டு ஆடலாம். யாரும் பாக்க மாட்டாங்க."

ஆட்டத்தின் பெயர் ஆங்கிலத்தில் நீளமாக இருந்தது. சாம்பல் தேசம் என்று சுகுணா பொருள் சொன்னாள். கையில் ஒரு தடியும் இடுப்பில் ஒரு பேனாக்கத்தியும் கொடுத்து, ஊர் பேர் தெரியாத காட்டில் இறக்கிவிடுவார்கள். காட்டைக் கடந்தால் ஒரு பாலம். பாலத்தின் நடுவில் பனைமர உயரத்துக்கு ஓர் அரக்கன். அவனைத் தாண்டினால்தான் தேசம் திறக்கும். தடியால் அடித்தால் அவனுக்கு அறுபது எழுபது அடி வேண்டும். அவன் அடித்தால் இரண்டே அடி.

ஆட்டம் ஆரம்பிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே பலமான ஆயுதம் ஒன்று இருந்தது. அங்கேதான் வம்பும் இருந்தது.

காட்டின் ஓரத்தில் ஒரு வீரன் கல் நின்றது. செத்த வீரன் ஒருவனுக்காக நட்ட, தட்டுத் தட்டாகச் சிற்பம் செதுக்கிய ஆளுயரப் பலகைக்கல். அதன் முன்னால், கல்லோடு ஒட்டியபடி, அகலமான பெரிய வாள் ஒன்று மண்ணில் நட்டிருந்தது. பக்கத்தில் போனால் 'எடு' என்று எழுத்து வரும். எடுத்துவிட்டால் பாலத்து அரக்கன் பதினைந்தே வெட்டில் சாய்வான். உலகம் பூராவும் இந்த ஆட்டத்தை ஆடுகிறவர்கள் முதல் அரைமணி நேரத்தில் செய்கிற வேலை அதுதான் என்று சுகுணா சொன்னாள். வாளை உருவியதும் புதரிலிருந்து நான்கு திருடர்கள் பாய்வார்கள். திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட வேண்டும்.

சென்றாயன் அந்தக் கல்லைப் பார்த்த கணமே கண்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டார். அவர்கள் குடும்பத்துக்கும் ஒரு கல் உண்டு. மாந்தோப்பின் வடமேற்கு மூலையில், வேப்பமரத்தடியில், வேடியப்பன் என்று பெயர் சொல்லிப் பொங்கல் வைக்கிற கல். மாடு கவர வந்தவர்களை மறித்துச் செத்த மூதாதை. அந்தக் கல்லின் முன்னால் நேர்ந்துகொண்டவர்கள் நட்ட வேல்கள் பத்துப் பன்னிரண்டு துருப்பிடித்து நிற்கின்றன. அவற்றில் ஒன்றைப் பிடுங்கிக் கொடிக்கம்பம் ஆக்கிக்கொள்ள எந்தப் பயலுக்கும் துணிச்சல் வந்ததில்லை.

"இது வேண்டாம் கண்ணு," என்றார். "தடியே போதும்."

தடி போதவில்லை. அதை அவரைத் தவிர எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

விஷயம் வீட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சுகுணாவின் அப்பா முனிராஜும் பென்னாகரத்தில் இதே ஆட்டத்தை ஆடிக்கொண்டிருந்தார். கல்யாணமாகி வரும்போது சுகுணா தன் பழைய ஆட்டப் பெட்டியை அவரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். புதன்கிழமை மகளிடம் வீடியோ காலில் பேசிய முனிராஜ், பின்னால் சம்பந்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டார்.

"என்னாங்க சம்பந்தி, பாலம் தாண்டியாச்சுங்களா?"

"தாண்டிடுவோம்."

"எதை வெச்சு? அந்த ஊனுகோலை வெச்சா?" முனிராஜ் சிரித்ததில் போனே ஆடியது. "நான் மூணாம் நாளே தாண்டிட்டேன். கல்லு முன்னால அத்தாம் பெரிய கத்தியை நட்டு வெச்சிருக்கான். எடுத்துக்கோன்னுதானே வெச்சிருக்கான்?"

"செத்தவன் முன்னால வெச்ச பொருளுங்க அது."

"அட, அது டிவிங்க சம்பந்தி!"

"டிவியா இருந்தா என்னாங்க? பாக்கறது என் கண்ணு. எடுக்கறது என் கைதானுங்களே."

முனிராஜ் மகளைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "பாவம், உங்க மாமனாருக்குக் கை வரலை. அதை மறைக்கத்தான் சாமி பேச்சு."

சென்றாயன் எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு சொல்லும் பேச்சு அல்ல அது.

"வர்ற ஞாயித்துக்கெழமை நம்ம வூட்டுக்கு விருந்துக்கு வாங்க. அந்தக் கத்தியில கை வெக்காம, உங்க கண்ணு முன்னாலயே பாலத்தைத் தாண்டறேன். தாண்டலைன்னா, தோத்தேன்னு எல்லார் முன்னாலயும் நின்னு சொல்றேன்."

சொன்ன பிறகுதான் மாதம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். தோத்தேன் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. பால் சங்கத் தேர்தலில் ஒருமுறை தோற்றபோதுகூட, எண்ணியவர்களுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்றுதான் சொன்னார்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் போயின. விரல்கள் நன்றாகவே மடங்க ஆரம்பித்தன. டாக்டர் பார்த்தால் மகிழ்ந்திருப்பார். அரக்கனுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. தடியால் அவன் உயிரளவைக் காட்டும் சிவப்புக் கோட்டைப் பாதிவரை குறைத்ததுதான் சென்றாயனின் உச்சம்.

சனிக்கிழமை அவர் தோப்புக்குத் தண்ணீர் விட்டுவிட்டு, குளித்து, மூன்று மணிக்கு வந்து டிவியைப் போட்டார். அவருடைய ஆள் கையில் தடி இல்லை. அகலமான வாள் மின்னியது.

கண்ட்ரோலரைத் தொடாமலே, "சுகுணா," என்று கூப்பிட்டார்.

அவள் வந்து கதவோரம் நின்றாள். முகத்திலேயே எல்லாம் இருந்தது.

"நான்தாங்க மாமா. நீங்க தொடலைல்ல? நான்தானே எடுத்தேன். உங்க சொல்லு அப்படியே இருக்குங்க." குரல் இறங்கியது. "நாளைக்கு எங்கப்பா முன்னால நீங்க எந்திரிச்சு நின்னு சொல்றதை என்னால பாக்க முடியாதுங்க."

கோபப்படத்தான் நினைத்தார். ஆனால், தன் மானத்தைக் காப்பாற்றத்தான் இந்தப் பெண் தன் அப்பாவையே எதிர்த்து இதைச் செய்திருக்கிறாள் என்பது முன்னால் வந்து நின்றது. மருமகள் என்று வந்தவள் மூன்று வருடத்தில் இந்த வீட்டு மானத்தைத் தன் மானமாக எண்ணுகிறாள். அந்த நினைப்பு அவருக்கு உள்ளூர இதமாகவே இருந்தது. என்றாலும் தப்பு தப்புதான்.

"உக்காரு," என்றார். "எடுத்த கைதான் திரும்ப வெக்கணும். கொண்டுபோய் வை."

"நட முடியாதுங்க மாமா. கீழே போடத்தான் முடியும்."

"போடு. வெறும் கத்தியை மட்டும் வெக்காதே. பையில என்ன இருக்குது?"

"சுட்ட கோழி ஒண்ணு இருக்குங்க. ஆனா அது உசுரு ஏத்தறதுங்க. நாளைக்கு வேணுமே."

"வேணுங்கறதைத்தான் வெக்கணும்."

சுகுணா கண்ட்ரோலரை எடுத்து, காட்டு வழியே திரும்பி நடந்தாள். வாளை எடுத்தபோதே திருடர்கள் நால்வரையும் வெட்டிவிட்டிருந்ததால் காடு அமைதியாகக் கிடந்தது. கல்லின் முன்னால் வாளைப் போட்டாள். கோழியைப் போட்டாள். சென்றாயன் எழுந்து, கையைக் கூப்பிக் கண்ணை மூடி ஒரு வினாடி நின்றார். பிறகு கண்ணைத் திறந்தவர், அப்படியே டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"இந்தக் கீழ்த்தட்டு முன்னால இல்லையே."

இருந்ததுதான். இவ்வளவு நாளும் அகலமான வாள் அதை மறைத்துக்கொண்டிருந்தது. வாளை உருவியவர்கள் எல்லோரும் திருடர்களுக்குப் பயந்து ஓடினார்கள். இல்லையென்றால் பாலத்துக்குப் பறந்தார்கள். வைத்துவிட்டுப் போகலாம் என்று திரும்பி வந்தவர் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்.

வீரன் கல்லைக் கீழிருந்துதான் பார்க்க வேண்டும் என்பது சென்றாயன் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மேல்தட்டில் சொர்க்கம் இருக்கும். அது எல்லாக் கல்லிலும் ஒன்றுதான். கீழ்த்தட்டில்தான் அவன் எங்கே நின்றான், எதைப் பிடித்திருந்தான், எப்படி விழுந்தான் என்பது இருக்கும்.

"பெருசாக் காட்ட முடியுமா இதை?"

சுகுணா காட்டினாள். மாடுகள் நாலு. அவற்றின் பின்னால் ஒரு மனிதன், அவனுக்கு எதிரே பனைமர உயரத்தில் ஓர் உருவம்.

"கையில என்ன வெச்சிருக்கான், பாரு."

"நீளமா..." சுகுணா முன்னால் சாய்ந்தாள். "ஈட்டிங்க மாமா! அப்போ இந்தக் கத்தி அவனோடது இல்லீங்களா?"

"யாரோ நேர்ந்துக்கிட்டு வெச்சது. நம்ம வேடியப்பன் முன்னால நிக்கற வேலெல்லாம் அவரோடதா என்ன?" அவர் விரல் திரையின் மேல் நகர்ந்தது. "இந்தா, இங்க இன்னொருக்கா இருக்கான். இது விழுந்த எடம். பின்னால தண்ணி கொட்டுது. பக்கத்துல கவட்டை மரம். ஈட்டி மரத்தோட சாஞ்சிருக்குது. மாடெல்லாம் இந்தப் பக்கம் பாக்குது, ஊருக்குத் திரும்புது. அப்போ அருவி மாடு வந்த பக்கம்."

"மேக்கால ஒரு அருவி இருக்குதுங்க. அங்க ஒண்ணும் கிடையாதுன்னு எல்லாரும் நெட்டுல எழுதியிருக்காங்களே."

"எழுதினவன் மாடு மேய்ச்சிருக்கானா? நட."

அருவி ஒகேனக்கல்லில் பாதிகூட இல்லை. ஆனால் கவட்டை மரம் இருந்தது. கல்லில் கண்டபடியே அதன் பின்பக்கம், கொடி சுற்றி, ஓர் ஈட்டி சாய்ந்திருந்தது. சுகுணா கண்ட்ரோலரை அவரிடம் நீட்டினாள்.

சென்றாயன் தயங்கினார். "இதுவும் செத்தவனோடதுதானே."

"வெச்ச பொருள் இல்லீங்களே மாமா. இது அவரு முடிக்காம விட்டுட்டுப் போன வேலை. அவரைக் கொன்ன அரக்கன் இன்னும் பாலத்துலதானே நிக்கறான்?"

அவர் மருமகளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு முனிராஜ் வெள்ளைச் சட்டையில், கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து சேர்ந்தார். கறி வெந்துகொண்டிருந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் ஆட்டம் என்று சென்றாயன் சொல்லிவிட்டார்.

முதல் முறை அரக்கன் அவரை இரண்டே அடியில் வீழ்த்தினான்.

"பாக்கலாம், பாக்கலாம். எனக்குப் பசிக்கலீங்க," என்றார் முனிராஜ்.

இரண்டாவது முறை சென்றாயன் அவசரப்படவில்லை. ஈட்டி எட்ட நின்று குத்துகிற ஆயுதம். குத்தினார், ஒரு எட்டுப் பின்வாங்கினார். அரக்கனின் தடி அவர் மூக்குக்கு முன்னால் காற்றை அடித்தது. மறுபடி குத்தினார். மாதம்மாள் கரண்டியோடு வந்து நின்றவள் உள்ளே போகவில்லை. பதினெட்டாவது குத்தில் அரக்கன் முழங்காலில் விழுந்தான். இருபதாவதில் பாலமே அதிர்ந்தது. அந்தப் பக்கம் பச்சைப் பசேலென்று தேசம் திறந்தது.

சென்றாயன் கண்ட்ரோலரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு வலது கையை ஒருமுறை முழுசாக மடக்கி விரித்தார்.

"இது எங்கங்க கெடைச்சுது?" முனிராஜ் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.

சென்றாயன் கல்லின் கீழ்த்தட்டைப் பற்றிச் சொன்னார். முனிராஜ் கேட்டுக்கொண்டே வந்தவர் சட்டென்று விரலை நீட்டினார். "இருங்க, இருங்க. கத்தியை எடுக்காம கீழ்த்தட்டு எப்படித் தெரிஞ்சுது?"

சுகுணா தலை குனிந்தாள். சென்றாயன் அவளைப் பேச விடவில்லை.

"எங்க வூட்டுல எடுத்தது உண்மைங்க. திரும்ப வெச்சதும் உண்மை. எடுத்தது உங்க பொண்ணு. வெச்சது எங்க வூட்டு மருமக."

மாதம்மாள் கரண்டியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். முனிராஜ் மகளைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார், பிறகு தொடையைத் தட்டிக்கொண்டு தானும் சிரித்துவிட்டார்.

"சரி, ஒத்துக்கறேன். ராத்திரி வூட்டுக்குப் போனதும் நானும் அந்த ஈட்டியை எடுத்துடறேன்."

"மொதல்ல அந்தக் கத்தியைக் கொண்டுபோய் வெச்சுட்டு எடுங்க சம்பந்தி."

முனிராஜின் சிரிப்பு நின்றது. "அதை அப்பவே வித்துட்டனே."

"யாருக்கு?"

"வண்டியில சுத்தற வியாபாரி ஒருத்தன் வருவானே, அவனுக்கு. ரெண்டு குதிரை வாங்கினேன்."

சென்றாயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப ஆட்டத்தை மொதல்ல இருந்து ஆரம்பிங்க. எங்க வேடியப்பனுக்குத் தை மாசம் பொங்கல் வெக்கறோம். கீழ்த்தட்டை எப்படிப் பாக்கறதுன்னு நேர்ல வந்து தெரிஞ்சுக்குங்க." பிறகு குரலைத் தணித்துச் சொன்னார்: "இப்ப வாங்க, எலை போட்டாச்சு."

பந்தியில் சம்பந்திக்குப் பரிமாற வேறு யாரையும் அவர் விடவில்லை. வலது கையாலேயே கறியை அள்ளி வைத்தார். கரண்டி ஒருமுறைகூட நடுங்கவில்லை.