ஆய்வாளர் பார்க்கும் முன்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு வாடகைக் கார் ஒப்பந்தத்தின் பதினோராவது நிபந்தனையில் கிடைத்தது. உறவுக் கல்யாணத்துக்காகத் தண்டலத்தில் வண்டி எடுத்தபோது, கையெழுத்துப் போடும் முன் படித்தேன் (ஆமாம், படித்தேன், அப்படியும் சிலர் இருக்கிறோம்): ‘காப்பீட்டு ஆய்வாளர் பார்வையிடும் முன் சேதத்தைச் சரிசெய்தால் காப்பீடு செல்லாது.’ ஊரான் வண்டியை எவன் மெனக்கெட்டுச் சரிசெய்வான் என்று சிரித்தேன். பிறகுதான் கார் ஆலைகள் நிறைந்த ஒரகடம் பக்கத்தில் நிற்கிறோம் என்பது உறைத்தது. இங்கே தெருவுக்குப் பத்துப் பேர் செய்வார்கள்.

2

ஆலைச் சங்கு ஊதியதும் மாசானம் வானத்தை அண்ணாந்து பார்த்து—

(வேண்டாம். இங்கே யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. கம்பெனி பஸ் வருகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.)

மாசானம் ஒரு கார் ஆலையில், ரீவொர்க் பிரிவில் ஆறு வருடமாக இருக்கிறான். லைனில் வரும் வண்டியில் நெளிவோ கீறலோ இருந்தால், அடுத்த வண்டி வரும் முன் அதை இல்லாமல் ஆக்குவது அவன் வேலை. கோவில்பட்டியிலிருந்து மனைவி பூமாரியையும் ஐந்து மாதக் குழந்தையையும் அழைத்துவர, வாடகைக்குக் கார் விடும் முனிரத்தினத்திடம் வண்டி எடுத்தான். நண்பர்களோடு ஒண்டியிருந்த அறையை விட்டுவிட்டுத் தனி வீடு பார்த்திருந்தான். அட்வான்ஸும் சேர்த்தாகிவிட்டது, கொடுத்துச் சாவி வாங்குவதுதான் பாக்கி.

“கூட நானூறு கட்டிக்கினா இன்சூரன்ஸ் முழுசா கவர் ஆவும்பா,” என்றார் முனிரத்தினம். “எங்கியாவது இடிச்சா நீ கைய வெக்காத. எனுக்கு போன் போடு. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பாக்கட்டும்.”

“சரி அண்ணாச்சி.”

கட்டினான்.

(அடிக்குறிப்பு: வண்டிக்குக் கறுப்பு நம்பர் பலகை, மஞ்சள் எழுத்து; எடுப்பவரே ஓட்டும் வாடகை வண்டிக்கு அதுதான் அடையாளம். வெள்ளைப் பலகை போட்ட சொந்த வண்டியை வாடகைக்கு எடுத்திருந்தால் காப்பீடு முதலிலேயே கைவிரித்திருக்கும். எனக்கும் கதை இருந்திருக்காது.)

3

ஊருக்குப் போய்த் திரும்பும் வரை ஒரு கீறல் இல்லை. பூமாரியையும் குழந்தையையும் ஒரு நண்பர் வீட்டில் இறக்கிவிட்டு, அடுப்பும் பாயும் வாங்க வாலாஜாபாத் போனான். பின்னால் வந்த ஒரு குட்டி லாரி இடது பின் கதவை நசுக்கிவிட்டுப் போய்விட்டது.

போனை எடுத்தான்.

(இங்கே இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். முனிரத்தினத்தை ஏன் கூப்பிடவில்லை? பயமா, சோம்பலா? இரண்டும் இல்லை. நெளிவைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவன் கைக்குத் தெரியாது.)

கூப்பிட்டது ஆலையில் பெயின்ட் பிரிவில் இருக்கும் முப்பிடாதியை. “சர்வேயர் நாளைக்கித்தான் வருவான். நாம இன்னிக்கே முடிச்சிருவோம்ல,” என்றான் அவனிடம்.

தகட்டை எடுத்து நிமிர்த்தியும் ஆயிற்று. உள்ளே பார்த்தபோதுதான், கதவுக்குள் குறுக்கே ஓடும் இரும்புச் சட்டம் வளைந்திருந்தது தெரிந்தது. பக்கவாட்டில் எதுவும் மோதினால் ஆளைக் காப்பது அதுதான். ஆலையாக இருந்தால் அந்தக் கதவு ஸ்கிராப்புக்குப் போயிருக்கும்.

“ஏல, கதவயே மாத்தணும்ல,” என்றான் முப்பிடாதி.

இடித்ததற்குக் காப்பீடு உண்டு, சரிசெய்ததற்கு இல்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாகிவிட்டது. புதுக் கதவு வாங்கினால் அட்வான்ஸ் போகும். பூமாரி குழந்தையோடு திரும்பவும் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறுவாள்.

“மூடிட்டுப் பெயின்ட அடி,” என்றான் மாசானம்.

4

முனிரத்தினம் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றினார். “சோக்கா வெச்சிக்கினு இருந்துகீறபா! குடுத்தப்போ இருந்தத விட பளிச்சுனு கீது.”

அடுத்து வண்டி எடுக்க ஷெர்லின் என்ற நர்ஸ் காத்திருந்தாள். இரண்டு பிள்ளைகளோடு வேளாங்கண்ணி போகிறாள். சின்னது ஓடிப்போய் இடது பின் கதவைத் திறந்து ஏறியது. கதவு கச்சிதமாக மூடிக்கொண்டது. 

5

ஒரு முடிவு: சொல்லிவிடுகிறான். முனிரத்தினம் மனம் உருகி, “பரவால்லபா” என்று—

(பொய். நாலு வண்டிதான் அவர் பிழைப்பு. உருகமாட்டார்.)

இன்னொன்று: சொல்லவில்லை. அவர்கள் பத்திரமாகத் திரும்பி வருகிறார்கள். பெரும்பாலான கதவுகளில் எதுவும் மோதுவதில்லை என்பதால் இதுதான் நடக்கும். இதை எழுதிவிட்டு எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது.

உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். மாசானம் வண்டிக்கு முன்னால் போய் நின்றான். நான் தள்ளவில்லை, அவனாகத்தான் போனான்.

“அண்ணாச்சி, ஒரு நிமிசம்.”

“இன்னாபா?”

அவன் வாயில் அடுத்த சொல்லை வைப்பது எனக்குச் சுலபம். அட்வான்ஸ் என்னுடையது இல்லை. உங்களுக்கும் சுலபம்தான். அதனால், அவனைச் சொல்லவைக்கும் முன், வீட்டுச் சாவிக்காகக் காத்திருக்கும் பூமாரியை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். சொல்லாமல் விடுவதானால், அந்தச் சின்னதின் பக்கத்தில் உட்கார்ந்து வேளாங்கண்ணி வரை போய் வாருங்கள்.

சீக்கிரம். ஷெர்லின் இன்ஜினை ஸ்டார்ட் செய்துவிட்டாள்.