அரைச் சுற்று

வலது கன்னம் வழித்தாகிவிட்டது. இடது கன்னத்தில் நுரை அப்படியே இருக்க, கோமதிசங்கர் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். மறுமுனையில் சண்முகசுந்தரி மதினி, அம்மையப்பன் அண்ணாச்சியின் மனைவி. எதற்கும் பதறாத மனுஷி. பக்கத்து வீட்டில் தீப்பிடித்தபோதுகூடத் தன் வீட்டு அடுப்பை அணைத்து, கதவைச் சாத்திவிட்டு நிதானமாக வந்து பார்த்தவர். அவர் குரல் இன்றைக்கு நடுங்கியது.

"தம்பி, மீனு ரெண்டும் மெதக்குது. அவுக ஒண்ணும் பேச மாட்டேங்காக. கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

நுரையைத் துண்டால் துடைத்துவிட்டுச் சட்டையை மாட்டினான். "அரைச் சவரத்தோட எங்கன போறீய?" என்று மனைவி விஜயஸ்ரீ கேட்டபோது அவன் வாசலைத் தாண்டியிருந்தான். ஸ்கூட்டர் நாலாவது உதைக்குத்தான் கிளம்பியது. ஐப்பசி மழை விடாமல் தூறிக்கொண்டிருந்தது. பெருமாள்புரத்தில் அண்ணாச்சி வீடு போய்ச் சேரும்வரை அவன் மனதில் ஒரே நினைப்புதான் ஓடியது. நேற்றுச் சாயங்காலம்தானே மிஷினை மாட்டினோம்.

மிஷின் என்றால் பெரிய மிஷின் இல்லை, ஒரு மரப்பெட்டி. தொட்டித் தண்ணீர் குளிர்ந்தால் தானே ஹீட்டரைப் போடும், சூடு சரியானதும் தானே நிறுத்தும். காலையில் விளக்கைப் போட்டு ராத்திரி அணைக்கும். காற்றுப் பம்பையும் அதுவே பார்த்துக்கொள்ளும். வெளிநாட்டில் இதெல்லாம் கடையில் கிடைக்கிறதாம். பாளையங்கோட்டையில் யார் விற்கிறார்கள்? மீன் பைத்தியம் பிடித்த நாலு பேர் சேர்ந்து, நாமே செய்துவிட்டால் என்ன என்று சித்திரை மாதம் ஆரம்பித்தது. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா கோமதிசங்கர், தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்க்கும் மார்ட்டின், பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தும் பாக்கியசீலன், இவர்களுக்கெல்லாம் மூத்தவராக பெயிண்ட் கடை அம்மையப்பன் அண்ணாச்சி. "இந்த ஊரு வெயிலுல தண்ணியச் சூடாக்க மிஷின் செய்யுதவங்க நீங்க நாலு பேருதான்" என்று விஜயஸ்ரீ சிரித்தாள். அவளுக்கு டிஸ்கஸ் மீனைப் பற்றி என்ன தெரியும்? சாப்பாட்டுத் தட்டு மாதிரி வட்டமாக, செங்காவி நிறத்தில் இருக்கும் அந்த மீனுக்கு முப்பது டிகிரி வேண்டும். அடைமழைக் காலத்தில் தண்ணீர் இருபத்தைந்துக்கு இறங்கினால் முட்டையெல்லாம் பூஞ்சை பிடித்துப் போகும். அண்ணாச்சியின் ஜோடி இரண்டு வருஷம் அப்படித்தான் முட்டையிட்டு முட்டையிட்டு வீணாக்கியது. சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த ஜோடி அது. போன வாரம், அதிசயமாக, குஞ்சு பொரித்துவிட்டது. அதனால்தான் மிஷினுக்கு வார்னிஷ்கூட அடிக்காமல் அவசர அவசரமாக நேற்று மாட்டினார்கள்.

முன்னறையில் மார்ட்டினும் பாக்கியசீலனும் ஏற்கெனவே வந்து நின்றார்கள். அண்ணாச்சி தொட்டிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. தண்ணீரின் மேல்மட்டத்தில் இரண்டு மீனும் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. செங்காவி நிறம் வெளுத்து, கண் சுண்ணாம்பாகியிருந்தது. கோமதிசங்கர் விரலை விட்டுப் பார்த்தான். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற வெந்நீரின் பதம். விரலை எடுத்த பிறகும் அந்தச் சூடு போகவில்லை.

"விடியக்கால வந்து நாந்தான் பிளக்கப் புடுங்கிட்டு, காத்துப் பம்ப மட்டும் தனியா மாட்டுனேன்" என்றார் மதினி. "அப்பம் அவுக தெர்மாமீட்டர்ல முப்பத்தெட்டு இருந்துச்சு."

அந்தத் தெர்மாமீட்டரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. இளவயதில் அண்ணாச்சி கொழும்பில் கடை வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது கொண்டுவந்தது. பித்தளைச் சட்டத்துக்குள் கண்ணாடிக் குழாய். அதைக் கையில் எடுத்தாலே அவர் முகம் வேறு மாதிரி ஆகிவிடும். குழாய் எந்தக் காலத்திலோ சட்டத்தில் இரண்டு கோடு மேலே நழுவி, களிம்பு பிடித்து அங்கேயே நின்றுவிட்டது. செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டியிருக்கும். இருக்கிற சூட்டைவிட இரண்டு டிகிரி கூடக் காட்டும் என்பது கண் உள்ளவனுக்கெல்லாம் தெரியும். சொல்வது யார்? திருநெல்வேலிக்காரன் முதுகுக்குப் பின்னால் ஆயிரம் பேசுவான், மூத்தவர் முகத்துக்கு நேரே அவர் சாமானைக் குறை சொல்ல நாக்கு வராது.

ஆவணியில் இதே முன்னறையில் ஒரு வாளி வெந்நீரை வைத்துக்கொண்டு மிஷினுக்குச் சூடு பழக்கினார்கள். பெட்டிக்குள் ஒரு சின்னத் திருகு. அதை எவ்வளவு திருப்பினோம் என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. கால் சுற்றுக்கு ஒரு டிகிரி என்பது மட்டும் கணக்கு. அண்ணாச்சி வாளிக்குள் தெர்மாமீட்டரை விட்டுக் குனிந்து நின்றார். "முப்பதுவே" என்று அவர் குரல் கொடுத்த அந்த நொடியில் ஹீட்டரின் சிவப்பு விளக்கு அணைகிற மாதிரி கோமதிசங்கர் திருகை வைத்தான். எல்லோரும் கை தட்டினார்கள். மதினி எல்லோருக்கும் ரவாலாடு கொடுத்தார்.

அதன்பிறகு பெட்டி ஆளுக்குக் கொஞ்ச நாள் என்று வீடு வீடாகப் போனது. முதலில் கோமதிசங்கர் வீடு, வயரிங் வேலை. பிறகு மார்ட்டின் மரப்பெட்டி செய்தான். கடைசியில் பாக்கியசீலன் எல்லாவற்றையும் பற்றவைத்து முடித்தான். தன் முறை வந்தபோது கோமதிசங்கர் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தான். அண்ணாச்சி சொன்ன முப்பது உண்மையில் இருபத்தெட்டு. இப்படியே விட்டால் மீனுக்குச் சூடு பற்றாது. சொன்னால் அண்ணாச்சி வாடிப்போவார். பைய அரைச் சுற்று கூட்டினான். இரண்டு டிகிரி. காரியமும் ஆயிற்று, மனுஷர் மனதும் நோகவில்லை என்று தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு தூங்கப் போனான்.

இப்போது அண்ணாச்சி வாயைத் திறந்தார். குரல் யாருடையதோ போல இருந்தது.

"ராத்திரி சாப்பிட்டுட்டு வந்து பாத்தேன். முப்பத்தஞ்சு காட்டுது. ரெண்டக் கழிச்சா முப்பத்து மூணு. முப்பதுல நிக்கணுமே, செவப்பு வெளக்கு இன்னும் எரியுதேன்னு யோசிச்சேன்."

கோமதிசங்கருக்கு முதலில் புரியவில்லை. "ரெண்டக் கழிச்சாவா, அண்ணாச்சி?"

"அது ரெண்டு கூடத்தானவே காட்டும். இத்தன வருசம் வச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா? கம்பி கட்டுனவனே நாந்தான். அன்னைக்கு வாளித் தண்ணியிலயும் கழிச்சுட்டுத்தான சொன்னேன்."

கோமதிசங்கர் மனதுக்குள் கணக்குப் போட்டான். அன்றைக்கு முப்பது என்றால் முப்பதேதான். சரியாக இருந்ததைத் தன் கையாலேயே கெடுத்திருக்கிறான். ஆனால் அவன் கூட்டியது இரண்டுதானே? முப்பத்திரண்டில் டிஸ்கஸ் சாகாது. மதினி பார்த்த முப்பத்தெட்டில் இரண்டு போனால் முப்பத்தாறு. ஆறு டிகிரி அதிகம். மீதி நாலு எங்கிருந்து வந்தது?

மெல்லத் தலையைத் திருப்பினான். மார்ட்டின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, ஏற்கெனவே சுத்தமாக இருந்ததைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தான். பாக்கியசீலனுக்கு உதடு மட்டும் அசைந்தது, அவனும் அதே கணக்கைத்தான் போடுகிறான். ஒரே குழம்புக்கு மூன்று பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே அளவு உப்பை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். மூன்று வீட்டில், மூன்று பேர், அதே அரைச் சுற்று. அண்ணாச்சிக்கு நல்லது செய்துவிட்டதாக ஒவ்வொருவனும் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறான். கோமதிசங்கருக்கு அந்த மரப்பெட்டியைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"அப்பமே பிளக்கப் புடுங்கியிருக்கலாமே, அண்ணாச்சி" என்றான் மார்ட்டின்.

"புடுங்கலாம்னுதான் கையக் கொண்டு போனேன்." அண்ணாச்சி தன் வலது கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "மூணு பேரு மாசக்கணக்குல ஒழச்சுச் செஞ்சது. மொத நாளே நான் புடுங்கிப் போட்டா, நம்ம மேல நம்பிக்க இல்லன்னு நெனப்பீய. சங்கடப்படுவீய. என் தெர்மாமீட்டர்தான் இன்னும் நழுவியிருக்கும்னு நெனச்சுக்கிட்டுப் போயிப் படுத்துட்டேன்."

இதற்குப் பதிலாக அவர் நாலு வசவு வைதிருக்கலாம்.

"அண்ணாச்சி" என்றான் கோமதிசங்கர். "நான் அந்தத் திருக அரைச் சுத்து கூட்டி வச்சேன். உங்க தெர்மாமீட்டர் தப்புன்னு நெனச்சு."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நானும்" என்றான் மார்ட்டின்.

பாக்கியசீலன் அப்படியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான்.

அண்ணாச்சி மூன்று பேரையும் ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தார். கோபம் வரும் என்று கோமதிசங்கர் காத்திருந்தான். அவர் முகத்தில் கோபம் இல்லை. தெரியாத வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மனுஷனைப் போல விழித்தார். எத்தனை மாதமாக இவர்களோடு சிரித்துப் பேசினோம் என்று எண்ணிப் பார்க்கிறவர் போல இருந்தது. "அதோட கொறைய எல்லாரும் பாத்திருக்கீய" என்று மட்டும் முனகினார்.

மதினி எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து, இரண்டு மீனையும் ஒவ்வொன்றாகக் கையில் ஏந்தி எடுத்து வைத்து, முந்தானையால் மூடி உள்ளே கொண்டு போனார். அப்போதுதான் பாக்கியசீலன் தரையில் இருந்தபடியே தொட்டியைக் காட்டினான். காற்றுக் குமிழி ஏறுகிற மூலையில், தண்ணீர் வடிகட்டும் பஞ்சுக்குப் பின்னால், கண் இமை மயிர் அளவுக்கு ஏதோ நெளிந்தது. ஒன்று, பிறகு இரண்டு மூன்று. குஞ்சுகள். எல்லாம் சாகவில்லை.

அண்ணாச்சி எழுந்து தொட்டி அருகே போனார். மரப்பெட்டியைப் பார்க்கவில்லை. பித்தளைத் தெர்மாமீட்டரையும் பார்க்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்பம் எவ்வளவு இருக்கும்வே?" என்றார்.

டிஸ்கஸ் குஞ்சு தாய் தகப்பன் உடம்பில் ஊறுகிற பிசினைத் தின்றுதான் வளரும். வேறு எதையும் தொடாது. மூலையிலிருந்து அவை ஒவ்வொன்றாக வெளியே வந்து, தண்ணீருக்குள் கறுப்பாகத் தெரிந்த அந்தக் கையைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டு கொத்தத் தொடங்கின. அண்ணாச்சி கண்ணைத் திறந்து பார்த்தார். கையை எடுக்கவும் முடியாமல், அசைக்கவும் முடியாமல், அப்படியே நின்றார்.