ஒன்பது மணிக் கூட்டத்தில் மணியம்

மணியம் இறந்த பதினேழாம் நாள், காலை ஒன்பது மணிக்கு, மகள் சாருமதியின் அலுவலகக் காணொளிக் கூட்டத்தில் அவளுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். பதினோரு பேர் பார்த்தார்கள். சாருமதி திரும்பியபோது நாற்காலி காலி. திரையில் மட்டும், மருத்துவமனைச் சட்டையோடு, அவர் இருந்தார்.

கோளாறு கருமாதியில் நடந்தது. அது 2021 ஜூன், முழு முடக்கம். மருத்துவமனையில் முகத்தைக் காட்டவில்லை; சாம்பலைத்தான் கொடுத்தார்கள். மகன் திவாகரன் சிங்கப்பூரில் இருந்தான், எல்லை மூடிக் கிடந்தது. காரியம் செய்துவைக்கும் ஐயாசாமிக்குக் குளுவாங்கிலிருந்து மாவட்டம் தாண்ட அனுமதி இல்லை. ஆகவே மூன்று ஊர்களில் மூன்று கைப்பேசிகளில் பதினாறாம் நாள் காரியம் நடந்தது. ஆத்மாவை வழியனுப்பும் இடத்தில் தெப்ராவில் இருந்த சாருமதி வீட்டின் லைன் அறுந்தது. அரை மணி கழித்துத் திரும்ப வந்தபோது, "அதெல்லாம் போய்ச் சேர்ந்திருப்பாருலா" என்று ஐயாசாமி முடித்துவிட்டார். மணியம் லைனிலேயே தங்கிவிட்டார். அஸ்திக் கலயம், மகன் வந்து கடலில் கரைக்கட்டுமென்று பால்கனியில் இருந்தது.

சாருமதியின் மேலாளர் வசந்தன் முதலில் பின்னணிப் படம் போடச் சொன்னார். அவள் கடற்கரையைப் போட்டாள். மணியம் கடற்கரையில் உட்கார்ந்து இருமினார். வீடே அலுவலகம் ஆன பிறகு, வீட்டில் இருப்பவர் அலுவலகத்திலும் இருக்கத்தானே செய்வார்? இரண்டு வாரத்தில் எல்லாரும் "குட் மார்னிங் அங்கிள்" சொல்லப் பழகிக்கொண்டார்கள். அவரும் கையை உயர்த்துவார். பேச மூச்சு போதவில்லை. கடைசி முகம் பார்க்காத மனைவி கிருஷ்ணம்மா மட்டும் தினமும் எட்டே முக்காலுக்குக் குளித்துப் பொட்டு வைத்து, காலி நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்காருவார். திரையில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து இருப்பார்கள். கூட்டம் முடிந்தும் அழைப்பைத் துண்டிக்க விடாமல், அவரிடம் கத்திரிக்காய் விலையிலிருந்து மேல்வீட்டுச் சண்டைவரை எல்லாம் சொல்லுவார். விட்டுப்போனதைப் போனிலேயே திரும்பச் செய்தால் போய்விடுவார் என்று ஐயாசாமி இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "இருக்கட்டுமே. யாருக்கு என்ன பாரம்?" என்றார் கிருஷ்ணம்மா. பத்து மாதம் அப்படிப் போனது.

எல்லை திறந்த வாரத்தில் திவாகரன் வந்தான். காலி நாற்காலியை நெடுநேரம் பார்த்தான். பிறகு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கூடத்திலிருந்த தங்கையின் கணினிக்கு வீடியோ கால் போட்டான். "அப்பா, வந்துட்டேன்பா." மணியம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. மறுபடி முயன்றார். அழைப்பில் இருபது நிமிடம் அதுவே கேட்டது.

கிருஷ்ணம்மா கணினியை மூடினார். "எனக்குப் பாக்கணும்னு அவர இத்தன நாளு மூச்சு வாங்க வச்சிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்து, "நாளைக்கே கரைச்சிடலாம்பா" என்றார்.

மறுநாள் ஐயாசாமி நேரில் வந்தார். விட்ட இடத்திலிருந்து தொடங்கிச் சரியாக முடித்தார். திவாகரன் இடுப்பளவு நீரில் நின்று கலயத்தைக் கவிழ்த்தான்.

அடுத்த நாள் கூட்டத்தில் வசந்தன் கணக்கு விவரங்களுக்குப் போகும் முன் கேட்டார்.

"அப்பா எங்கம்மா, காணோம்?"

"தவறிட்டாங்க சார்."

"ஐயோ. எப்போ?"

"நேத்து."

எல்லாரும் ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். சாருமதிக்கு மூன்று நாள் துக்க விடுப்பு கொடுத்தார்கள்.