நூறு துண்டு ஹருயோ

1974இல் ‘மினாமோ’ சிறுமியர் சித்திரக்கதை இதழுக்கு இருபது வயது. வரலாற்று மலர் போடுவதென்று முடிவு செய்தார்கள். பழைய இதழ்களைப் புரட்டித் தொகுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அந்த அலுவலகத்தில் நான் ஒருத்திதான் பெண். பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டவள். தேநீர் ஊற்றும் நேரம் போக நான் சும்மா இருப்பதாக அவர்களுக்கு நினைப்பு. சிறுமிகளுக்கு என்ன பிடிக்கும் என்று தீர்மானித்த மற்ற பதினொரு பேரும் ஆண்கள்.

மலருக்காகப் பழைய ஓவியர்களைக் கூப்பிட்டுப் பேச வைத்தார்கள். அவர்களில் செகாவா இட்சுகோ என்ற பெண் வந்தது பேச அல்ல. பதினேழு வயதில் தொடங்கி இரண்டு வருடம் அவர் எங்களுக்கு ஒரு தொடர் வரைந்தார். முத்துக்குளிக்கும் ஹருயோ என்ற பெண்ணின் கதை. இப்போது வேறொரு பதிப்பகம் அதைப் புத்தகமாகப் போடத் தயாராக இருந்தது. இதழில் வந்த பக்கங்களிலிருந்து எடுக்க முடியாது. மட்டமான தாளில் சிவப்பு மையில் அச்சடித்ததால் கோடுகளெல்லாம் ஊறிப் போயிருந்தன. கையால் வரைந்த மூலப் பக்கங்கள் வேண்டும். இல்லையென்றால் புத்தகம் இல்லை.

ஆசிரியர் கமோஷிதா சிரித்த முகத்தோடு அவரை உட்கார வைத்தார்.

“சென்செய், கிடங்கு ரெண்டு தடவை மாறிடுச்சு. நடுவுல புயல் வேற. தண்ணி பூந்து எல்லாம் கூழாப் போச்சு.”

“அப்போ என்னை பாப்பான்னு கூப்பிடுவீங்க,” என்றார் இட்சுகோ. “இப்ப மரியாதையா சென்செய். அப்படின்னா ஏதோ பொய் சொல்றீங்க.”

அவர் சொன்னது சரி. முந்தின வாரம்தான் 1963 அக்டோபர் இதழில் ஒரு பரிசு அறிவிப்பை நான் பார்த்திருந்தேன். எங்கள் இதழில் மாதாமாதம் ஓர் அஞ்சலட்டை இருக்கும். பிடித்த மூன்று கதைகளின் பெயரை எழுதிப் பிள்ளைகள் அனுப்புவார்கள். அட்டை குறைந்த கதையின் கழுத்தை அறுத்துவிடுவார்கள். அந்த வருடம் மொத்தமாகவே அட்டை குறைந்தது. கமோஷிதாவுக்கு ஒரு யோசனை வந்தது. அட்டை போடுபவர்களில் நூறு பேரைக் குலுக்கலில் எடுத்து, ஆளுக்கொரு ஹருயோ முகம் பரிசு. அதற்காக மூலப் பக்கங்களைக் கட்டம் கட்டமாகக் கத்தியால் அறுத்து உறையில் போட்டு அனுப்பினார்கள். மிச்சம் குப்பைக்கு. அச்சான பிறகு அந்தத் தாளுக்கு என்ன மதிப்பு என்றுதான் அன்றைக்கு எல்லோரும் நினைத்தார்கள். யாரும் மறைக்கக்கூட இல்லை. இரண்டு மாதம் கழித்து, வென்ற நூறு பேரின் பெயரையும் முகவரியையும் பெருமையாக அச்சடித்திருந்தார்கள். இட்சுகோவின் தொடர் முடிந்திருந்ததால் அவருக்கு இதழ் அனுப்புவதை அதற்குள் நிறுத்திவிட்டார்கள்.

நான் இரண்டு இதழ்களையும் கொண்டுபோய் மேசைமேல் விரித்து வைத்தேன்.

“உன்னைத் தேநீர்தானே கொண்டுவரச் சொன்னேன், டொமிசுகா,” என்றார் கமோஷிதா.

இட்சுகோ படித்தார். இரண்டு தடவை படித்தார். வாசகர்களிடம் துண்டுகளைத் திருப்பிக் கேட்டு மலரில் ஓர் அறிவிப்புப் போடச் சொன்னார். அது குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாகும் என்று கமோஷிதா மறுத்தார். பரிசு கொடுத்ததால்தான் உங்கள் பெயர் நாலு பேருக்குத் தெரிந்தது என்றும் சேர்த்துக்கொண்டார். இட்சுகோ எழுந்தார். முகவரி இருந்த இதழை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். அது அலுவலகப் பிரதி என்று கமோஷிதா பின்னாலிருந்து கத்தினார்.

உதவுகிறேன் என்று நான் அவர் பின்னால் ஓடினேன். நூறு கடிதங்களை நாங்கள் இருவரும் நான் தங்கியிருந்த அறையில் உட்கார்ந்து எழுதினோம். அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை. நானும் அந்தக் கும்பலில் ஒருத்தி என்று நேராகவே சொன்னார். அறுபத்துமூன்று கடிதம் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. ஏழு பேர் துண்டை அனுப்பினார்கள். ஒன்றில் ஹருயோவுக்கு மீசை போட்டிருந்தது. பதிப்பகம் ஒரு படி இறங்கி வந்தது. தொலைந்த பக்கங்களை இட்சுகோ அன்றைக்கு வரைந்த அதே கோட்டில் திரும்ப வரைந்து தர முடிந்தால் பார்க்கலாம் என்றது.

தொடரின் கடைசிக் கட்டம் ஹோசகா ஃபுமியே என்பவளிடம் இருந்தது. அகிதாவில் பிறந்தவள், இப்போது கவகுச்சியில் சாப்பாட்டுப் பெட்டி கட்டும் தொழிற்சாலையில் வேலை. நேரில் பேசலாம் என்று எழுதியிருந்தாள். ரயிலடிக் காப்பிக் கடையில் சந்தித்தோம். துணியைப் பிரித்துக் காட்டினாள். ஹருயோ கண் மூடி மூழ்கிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை அளவுத் தாள், ஒரு மடிப்புக்கூட இல்லை.

இட்சுகோ கை நீட்டினார். அவள் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“குடுக்க வரல. ஒண்ணு கேக்க வந்தேன். அவளை ஏன் சாகடிச்சீங்க?”

“இவங்க ஆபீஸ்ல சொன்னாங்க. அட்டை வரல, முடிச்சுடுன்னு.”

“நான் போட்டேன். ஒரு மாசங்கூட விடாம போட்டேன்.”

“உன் ஒரு அட்டை பத்தல.”

“அப்ப இது எனக்குத்தான். நீங்க அவளை விட்டுட்டீங்க. நான் விடல.”

வாசகர் கடிதம் எதிலும் நான் பார்த்திராத அளவு வெறுப்பு அந்தக் குரலில் இருந்தது. எங்கள் இதழை இத்தனை தீவிரமாக ஒருத்தி படித்திருக்கிறாள் என்று மலரில் எழுதலாம். எழுதினால் கமோஷிதா அந்த வரியை அடித்துவிடுவார்.

பார்த்தாவது வரைந்துகொள்ளட்டும் என்று நான் கேட்டேன். ஃபுமியே யோசித்தாள். தொடக்கூடாது என்று சொல்லி, இரண்டு ஓரத்தையும் தானே பிடித்துக்கொண்டு மேசைமேல் நிறுத்தினாள். இட்சுகோ பேனாவை எடுத்தார். கன்னம் வந்தது. முடி வந்தது. இமையில் நின்றார். கிழித்துவிட்டு மறுபடி தொடங்கினார். நான்கு தாள் போயிற்று. எல்லாம் நன்றாக வரைந்த, முப்பது வயதுக்காரியின் கோடுகள்.

“இது அவ இல்ல,” என்றாள் ஃபுமியே.

“இல்லதான்.”

ஃபுமியே மேசையில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத் துண்டைத் துணியில் சுற்றினாள். வேலைக்கு நேரமாகிறது என்று தலை குனிந்து வணங்கினாள். இட்சுகோ வணங்கவில்லை.

கடை வாசலில் இருந்த சிவப்புத் தொலைபேசியில் அவர் பதிப்பகத்தைக் கூப்பிட்டார். அந்தப் புத்தகம் வேண்டாம், என்னால் வரைய முடியாது என்று சொல்லிவிட்டு வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே ரயிலடிக்குள் போனார்.