பிராக்கெட் துரை தட்டாமல் விட்ட கதவு

1

இந்தக் கதை வாக்கு ஆசையில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நோர்வேயின் ஒஸ்லோ நகரில், குறொன்லாண்ட் பகுதியில் மரக்கறிக்கடை வைத்திருக்கும் பிலேந்திரன் மாநகரசபைத் தேர்தலில் நிற்கிறார். வியாபாரியும் அரசியலில் வெல்லலாம் என்று தமிழ்ச் சங்க மலருக்கு ஒரு கதை எழுதும்படி மனைவி உதயகுமாரியைக் கேட்டார். நீங்கள் வாசிப்பது அதுதான், அல்லது அது கெட்டுப்போன விதம்.

முதல் தொடக்கம்: "முன்னொரு நூற்றாண்டில், நோர்வே மரம் விற்று இலண்டனில் பணக்காரரான சாமுவேல் பிராக்கெட் என்னும் பெருந்தகை—"

(உதயகுமாரி இதைக் கைவிட்டாள். 'பெருந்தகை' என்று எழுதக் கை கூசியது.)

இரண்டாவது: "பிராக்கெட்டுக்குப் பாராளுமன்ற ஆசை பிடித்தது."

(இது பரவாயில்லை. ஆனால் அவரைச் சரித்திரத்தில் தேடாதீர்கள். ஒஸ்லோவின் ட்வெய்ட்டாவில், உதயகுமாரி வீட்டுக் குசினி மேசையில் பிறந்தவர்.)

2

அந்தக் காலத்து இங்கிலாந்தில் வேட்பாளர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வீடு வீடாய்ப் போய் வாக்குக் கேட்கவேண்டும். ஒரு வீட்டைத் தவறவிட்டால் வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கவா வேண்டும்? நேரில் வந்து சொல்லாத கலியாணத்துக்கு யார் போகிறார்கள்?

பிராக்கெட் எல்லாக் கதவையும் தட்டினார், மைத்துனனின் கதவைத் தவிர. 'சொந்தக்காரன்தானே, எங்கே போய்விடப்போகிறான்' என்று—

பேனை நின்றுவிட்டது.

3

அதே ஒஸ்லோவில், ரொம்சோஸ் பகுதியில் உதயகுமாரியின் அண்ணா சச்சிதானந்தன் இருக்கிறார். தங்கள் மகள் சோபிகாவின் கலியாணத்தை நேரில் போகாமல் அவருக்கு வட்ஸ்அப்பில் சொன்னவர் பிலேந்திரன். அண்ணா வரவில்லை. அன்றிலிருந்து பேச்சுவார்த்தையும் இல்லை. தாய்மாமன் இல்லாமல் மகளைக் கட்டிக்கொடுத்தது உதயகுமாரிக்கு இன்றைக்கும் நெஞ்சு வலிக்கிற விஷயம்.

பிலேந்திரன் தோளுக்கு மேலால் எட்டி வாசித்தார்.

"உந்த மச்சான்காரனை வெட்டும்."

"வெட்டினா கதையே இல்லை."

"அப்ப பிராக்கெட் ஒரு ரெலிபோன் எடுக்கட்டும்."

"அந்தக் காலத்திலை ரெலிபோன் இல்லையப்பா."

"இப்ப இருக்குத்தானே!"

"அதாலைதானே இந்த வினையே வந்தது."

4

முடிவு அ: பிராக்கெட் ஒரே வாக்கால் தோற்கிறார்.

(பிலேந்திரன் சம்மதிக்கவில்லை. மலர் தேர்தலுக்கு முதல் வருகிறது.)

முடிவு ஆ: வெல்கிறார்.

(உதயகுமாரி சம்மதிக்கவில்லை.)

முடிவு இ: அன்று மாலை பிராக்கெட்—

பிலேந்திரன் ஜக்கெற்றை மாட்டினார். அலுமாரியைக் கிளறி, மிஞ்சிக் கிடந்த கலியாண அழைப்புக் காட் ஒன்றை எடுத்தார்.

"வெளிக்கிடும்."

"வாக்குக் கேக்கவோ?"

"இல்லை. கலியாணத்துக்குச் சொல்ல."

"கலியாணம் முடிஞ்சு ரெண்டு வருசமப்பா!"

"எண்டாலும் சொல்லேல்லைத்தானே."

5

இப்போது இருவரும் ரொம்சோஸில் அண்ணாவின் கதவுக்கு முன்னால் நிற்கிறார்கள். பிராக்கெட்டும் வேண்டுமானால் பின்னால் நிற்கட்டும். மணியை அழுத்தியாயிற்று. இதற்கு மேல் உதயகுமாரியால் எழுத முடியாது, பயமாக இருக்கிறது.

வாசகரே, கதவுக்கு உள்ளே இருப்பவர் நீங்கள்தான். பிலேந்திரனுக்கு வாக்குப் போடவேண்டாம். கலியாணத்துக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்.