சின்ன மாப்பிள்ளைக்குத் தேர்ந்து கொடுத்த ஸ்பீக்கர்

பெரிய மாப்பிள்ளைக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ராஜ்ஜியம்தான் இருந்தது. மச்சான் நடத்துகிற உடற்பயிற்சிக் கூடத்தில், சாயங்கால நடன வகுப்பின் கடைசிப் பாட்டு. மற்ற பாட்டெல்லாம் எவனெவனோ போட்டவை. கடைசிப் பாட்டு மட்டும் இவர் தன் கையால் லேப்டாப்பில் தாளத்தின் மேல் தாளமாக அடுக்கிச் செய்த எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக். பகலெல்லாம் லிஃப்ட் குழிக்குள் வௌவால் மாதிரித் தொங்கி கிரீஸில் குளிக்கிற மனிதர், சாயங்காலம் அந்தக் கூடத்தின் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். உள்ளே அத்தனை பேரும் அவர் போட்ட தாளத்துக்குக் குதிப்பார்கள். நாலு நாட்டைப் பிடித்த ராஜாவுக்குக்கூட நெஞ்சு அப்படி விரிந்திருக்காது. சட்டைப் பித்தான் தெறித்து எதிர்க்கடைக்காரர் கண்ணில் பட்டதாக ஒரு பேச்சு உண்டு.

மாமனார் வீட்டில் அவருக்கு அந்த மரியாதையில் கால்வாசி கிடையாது. அங்கே தங்கம், வைரம், வைடூரியம் எல்லாம் சின்ன மாப்பிள்ளைதான். கண்ணாடிக் கடையில் கண் பார்த்துப் பவர் எழுதிக் கொடுக்கிறவன். நாற்காலியில் உட்கார்ந்தவர் 'இதுதான் தெளிவு' என்றால் அதுதான் தெளிவு என்று நம்பிப் பழகியவன். நல்லவன். அவனிடம் பெரிய மாப்பிள்ளையால் பொறுத்துக்கொள்ள முடியாத குறை அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுச் சாப்பாட்டில் அந்த நல்லவன் வாயைத் திறந்தான். தனக்கும் இந்த இசை செய்து பார்க்க ஆசை, கையில் இருப்பது கொஞ்சம், அதற்குள் என்ன சாமான் வாங்கலாம், அண்ணன்தான் கூட வந்து சொல்லவேண்டும் என்றான். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மச்சான் வாய் நிறையச் சோற்றோடு, செய்யுங்க மாப்ளே, நல்லா வந்தா கடைசிப் பாட்டை ரெண்டு பேருக்கும் மாத்தி மாத்திப் போட்டுடலாம் என்றார்.

பெரிய மாப்பிள்ளைக்குப் புரையேறியது. மாமியார் தலையில் தட்ட, சின்ன மாப்பிள்ளை ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே அவனை எப்படிக் கவிழ்ப்பது என்று இவர் முடிவு செய்துவிட்டார்.

இசைக்கருவிக் கடையில் விற்பனையாளர் யோக்கியனாக இருந்து தொலைத்தார். முதலில் நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள், அதற்குக் காசு எட்டாவிட்டால் நல்ல ஹெட்போன் ஒன்று போதும், மற்றதை மவுஸை வைத்தே ஓட்டலாம் என்றார். பெரிய மாப்பிள்ளை தம்பியின் காதோரம் குனிந்தார்.

"கமிஷனுக்குப் பேசுறான். ஹெட்போன் மாட்டுனா காது ஒரே வருஷத்துல அவுட்டு. நீ இதைப் பாரு."

அவர் காட்டியது தட்டித் தாளம் போடுகிற ஒரு பலகை. விரல் பட்டால் சிவப்பு, பச்சை, ஊதா என்று கட்டம் கட்டமாக எரியும். கல்யாண மண்டபத்துச் சீரியல் பல்பெல்லாம் அதன் முன்னால் தூக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். சின்ன மாப்பிள்ளையின் கண்ணிலும் அத்தனை நிறமும் எரிந்தது. காசில் பெரும்பங்கு அதற்கே போனது. மிச்சத்துக்கு வந்தவை எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு ஸ்பீக்கர்கள்.

சூழ்ச்சி முழுக்க அந்த எலுமிச்சம்பழத்தில்தான் இருந்தது. அவ்வளவு சின்ன ஸ்பீக்கருக்கு அடிநாதம் வராது. பூமிக்கு அடியிலிருந்து வருகிற அந்தத் 'தும்' ஓசை பாட்டில் இருக்கும், காதில் விழாது. காதில் விழாதவன் அடி போதவில்லை என்று நினைத்து ஏற்றுவான், மேலும் ஏற்றுவான். நாக்கு மரத்தவன் குழம்புக்கு உப்புப் போட்ட கதைதான். பெரிய மாப்பிள்ளையே ஆரம்பத்தில் இதே பள்ளத்தில் விழுந்து, யாரும் பார்ப்பதற்குள் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டவர்.

சின்ன மாப்பிள்ளை ராப்பகலாக உழைத்தான். செய்த பாட்டைப் போட்டுக் காட்டும்போதெல்லாம் இவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, அடி பத்தலையே தம்பி என்பார். அவன் ஏற்றுவான். செல்போனிலும் கேட்டுச் சரிபார்த்தான். செல்போன் எலுமிச்சைக்குத் தங்கச்சி, அது எந்த உண்மையைச் சொல்லும்?

பாட்டு அரங்கேறிய சாயங்காலம் சின்ன மாப்பிள்ளையால் வர முடியவில்லை. கண்ணாடிக் கடையில் கூட்டம் அந்த நேரத்தில்தான். மச்சான் கூடத்தின் ஸ்பீக்கர்களோ பீரோ உயரம். முதல் அடி விழுந்தது. அலமாரியில் இருந்த தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக நடந்து வந்து ஒவ்வொன்றாகக் கீழே குதித்தன. இரும்புத் தட்டுகள் பல்லை நறநறவென்று கடித்தன. கண்ணாடிச் சுவரில் தெரிந்த எல்லோருக்கும் இரண்டு தலை. பக்கத்துத் தையல்காரர் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது என்று தைத்துக்கொண்டிருந்த பாவாடையோடு தெருவுக்கு ஓடினார். வகுப்பு மொத்தமும் தரையில் விழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பெரிய மாப்பிள்ளை வாசலில் நின்று அந்தச் சிரிப்பை ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

மச்சான் அதை வீடியோ எடுத்துச் சின்ன மாப்பிள்ளைக்கு அனுப்பினார். செல்போனில் அடிநாதம் ஏது? அவனுக்குக் கேட்டது தான் செய்த அழகான பாட்டு. தெரிந்தது சந்தோஷம் தாங்காமல் உருளுகிற ஜனங்கள். உடனே கூப்பிட்டான்.

"அண்ணே, எப்படிச் சிரிக்கிறாங்க பாத்தீங்களா? எல்லாம் நீங்க காட்டுன வழிதான்."

அந்தக் குரலைக் கேட்டுப் பெரிய மாப்பிள்ளை அன்றைக்கு ஒரு கைப்பிடி சோறு அதிகமாகச் சாப்பிட்டார்.

ஆனால் மறுநாள் வகுப்பு 'பூகம்பப் பாட்டு' கேட்டது. அதற்கு மறுநாளும் கேட்டது. தண்ணீர் பாட்டில்கள் நடப்பதைப் பார்க்கவே பக்கத்துத் தெருவிலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். மச்சான் அலமாரியில் வேண்டுமென்றே காலி பாட்டில் அடுக்க ஆரம்பித்தார். மாமனார் வீடியோவைச் சொந்தபந்தத்துக்கெல்லாம் அனுப்பினார். இது கேலி என்று சின்ன மாப்பிள்ளையைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அவனிடம் மட்டும் எல்லோரும் பிரமாதம் என்றார்கள். பெரிய மாப்பிள்ளை தன் பாட்டு எங்கே என்று கேட்டபோது மச்சான் தோளில் கை போட்டார்.

"உங்க பாட்டு நல்லாத்தான் இருக்கு அத்தான். நல்லா இருக்கிறதை எத்தனை நாளைக்குக் கேக்குறது?"

ராஜ்ஜியம் போய்விட்டது. அதை மீட்க ஒரே வழி உண்மை. ஆகவே பெரிய மாப்பிள்ளை உண்மையைச் சொல்லக் கிளம்பினார். இரக்கத்தால் அல்ல, பாவம், அவர்மேல் அப்படியொரு பழியைப் போடக்கூடாது. தன் பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டையும் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனார். உன் பாட்டை ஒரு தடவை இதுல கேளு என்று மாட்டிவிட்டார்.

ஜன்னல் கதறியது. மச்சினி சமையலறையிலிருந்து காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து, நிறுத்துங்க என்றாள். சின்ன மாப்பிள்ளை நிறுத்தவில்லை. கடைசிவரை கேட்டான். பிறகு செல்போனை எடுத்து அந்த வீடியோவைச் சத்தமில்லாமல் ஓடவிட்டான். உருளுகிற ஒவ்வொரு முகத்தையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தான். அவன் முகம் காது வரை சிவந்துபோனது.

"உங்களுக்கு எப்போ தெரியும்ணே?"

இன்றைக்குத்தான் தெரியும் என்று ஒரு பொய்யை வழியெல்லாம் மென்று தயாராகத்தான் வந்திருந்தார். ஆனால் இவ்வளவு கச்சிதமான வேலையைச் செய்தது யார் என்று ஒருவருக்குமே தெரியாமல் போவதா? நாக்கு நின்றால்தானே.

"கடையிலயே தெரியும்."

சின்ன மாப்பிள்ளை, சரிண்ணே என்றான். மனைவியிடம், அண்ணனுக்கு டீ போடு என்றான். பிறகு ஸ்பீக்கரில் ஒன்றைத் தானே தூக்கிக்கொண்டு தெருமுனை வரை வந்து விட்டுவிட்டுப் போனான். அவன் ஒரு அறை விட்டிருந்தால் பெரிய மாப்பிள்ளை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீடு போயிருப்பார்.

சின்ன மாப்பிள்ளை அன்றே மச்சானைக் கூப்பிட்டுத் தன் பாட்டை எடுத்துவிடச் சொன்னான். காரணம் சொல்லவில்லை. மறுநாள் கடைசிப் பாட்டாகப் பெரிய மாப்பிள்ளையின் பாட்டு ஒலித்தது. அவர் வாசலில் கையைக் கட்டி, நெஞ்சை விரித்து நின்றார். உள்ளே யாரும் குதிக்கவில்லை. எல்லோரும் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாட்டில்கள் ஒழுக்கமாக நின்ற இடத்தில் நின்றன. முன்வரிசையில் ஒருத்தி, இன்னைக்குப் பூகம்பம் லீவா என்று கேட்டுத் துண்டை எடுத்துக்கொண்டாள். பாதிப் பாட்டில் கூடம் காலி.

மச்சான் தரையைத் துடைத்துக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பேசினார்.

"அத்தான், நீங்களே அந்த மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்களேன். உங்களால முடியாதா என்ன? இல்லன்னா வேற ஆளைப் பாக்கணும்."

பெரிய மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தார். கிரீஸ் போகக் கை கழுவினார். மனைவி சாப்பிடக் கூப்பிட்டதற்கு, கொஞ்சம் வேலை இருக்கு என்றார். லேப்டாப்பைத் திறந்து, அவர் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய பாட்டை எடுத்துவைத்து, அதன் அடிநாதத்தை ஏற்றினார். ஜன்னல் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.